ஆர்டனின் ஊர்வலமும் மெர்ல் மாமாவின் குரோம் மூக்கும்

கார்பரேட்டரில் சோக் என்ற தகட்டைப் பொருத்திய நாளில்தான் அமெரிக்கா சரியத் தொடங்கியது. என் தாய்மாமன் மெர்ல் டிட்மர் முப்பத்தொரு ஆண்டுகளாக இதைச் சொல்லிவருகிறார். மறுக்க வந்தவர்கள் எல்லோரும் பாதியிலேயே எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். மாமா அதையும் ஓர் ஆதாரமாகச் சேர்த்துக்கொண்டார்.

வாதம் இப்படிப் போகும். சோக் வந்தது, ஆண்பிள்ளைகள் காலையில் எஞ்சினோடு மல்லுக்கட்டுவதை நிறுத்தினார்கள். மல்லுக்கட்டாததால் தோள் மெலிந்தது. தோள் மெலிந்தவன் சாலட் தின்னத் தொடங்கினான். சாலட் தின்றவனுக்குச் சூடேறும் இருக்கை தேவைப்பட்டது. அதற்கப்புறம் நடந்ததெல்லாம் செய்தித்தாளில் வருகிறது.

சோக் என்பது கார்பரேட்டரின் வாயில் இருக்கும் ஒரு சின்னக் கதவு, அவ்வளவுதான். எஞ்சின் குளிர்ந்து கிடக்கும்போது அது மூடிக்கொண்டு காற்றைக் குறைக்கும்; பெட்ரோல் கூடுதலாக உள்ளே போகும்; வண்டி கிளம்பும். எஞ்சின் சூடானதும் கதவு தானே திறந்துகொள்ளும். அறுபதுகளின் வண்டிகளில் அது சூட்டை உணர்வது ஒரு சுருள் கம்பியால். கார்பரேட்டருக்கு அடியில் இன்டேக் என்று கனமான இரும்புக் குழாய்க்கூட்டம் ஒன்று உட்கார்ந்திருக்கும். சிலிண்டர்களிலிருந்து வரும் சூடான புகையில் கொஞ்சம் அதன் அடிவயிற்றில் ஓடும். அந்தச் சூட்டில்தான் சுருள் கம்பி விரிந்து கதவைத் திறக்கும்.

மாமா அந்த இரும்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, பந்தய வண்டிக்காரர்கள் வைக்கிற உயரமான அலுமினிய இன்டேக்கை வாங்கி மாட்டினார். அதன் அடியில் புகை போக வழியே கிடையாது. குளிர்ந்த காற்றுதான் சக்தி என்பது அவர் கொள்கை. விளைவாகச் சுருள் கம்பிக்குச் சூடு போகவில்லை, சோக் திறக்கவில்லை, ஜூலை நாலாம் தேதி பிக்னிக்குக்கு அவர் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தபோது, பின்னால் வந்த கரும்புகையில் என் அம்மா செய்த உருளைக்கிழங்கு சாலட் சாம்பல் நிறமாகிவிட்டது. மாற்றிய இன்டேக்கின் மேல் மாமாவுக்குச் சந்தேகம் வரவே இல்லை. சோக்தான் துரோகி என்று முடிவெடுத்து, தகட்டை உருவி எடுத்து ஷெட் சுவரில் ஆணியடித்து மாட்டினார். மானின் தலையை மாட்டியிருப்பவர்களைவிட அவர் முகத்தில் பெருமை கூடுதல்.

அலுமினிய இன்டேக் ஒரு சாண் உயரம் கூட. எஞ்சின் மேல் பானட் மூடவில்லை. ரம்பத்தை எடுத்து பானட்டில் ஓட்டை போட்டார். அந்த ஓட்டை வழியாக கார்பரேட்டரின் தலையில் மாட்டிய, காற்றை இழுக்கும் பளபளப்பான குரோம் மூக்கு ஒன்று வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. எஞ்சின் உறுமும்போதெல்லாம் அந்த மூக்கும் சேர்ந்து நடுங்கும். இடிமுழக்கச் சங்கத்தார் அதைக் கண்ணில் நீர் மல்கப் பார்ப்பார்கள்.

இடிமுழக்கச் சங்கம் என்பது ஒஹையோவின் எங்கள் மூலையில், ஞாயிறு காலை டோனட் கடை வாசலில் கூடுகிற பழைய வண்டிக்காரர்களின் அமைப்பு. உறுப்பினர்கள் பன்னிரண்டு பேர். மாற்றப்பட்ட முழங்கால்கள் பதினான்கு. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வீரம். நவம்பரில் பனிக்காகச் சாலையில் உப்புத் தூவத் தொடங்கியதும் வீரம் மொத்தமும் போர்வைக்குள் போய்விடும். உப்புப் பட்டால் தகரம் துருப்பிடிக்கும் என்பார்கள். மெர்ல் மாமாவின் வண்டி குளிர்காலத்தில் கிளம்புமா என்று முப்பத்தொரு ஆண்டுகளாக யாருக்கும் தெரியாமல் போனது இந்த உப்பினால்தான்.

சங்கத்தில் மாமாவுக்கு ஒரே எதிரி ஆர்டன் கோப். ஒரே எதிரி என்பதால் ஒரே நண்பரும் அவரே. இருவரும் ஒரே ஏலத்தில், ஒரே மாதிரி, அறுபத்தொன்பதாம் மாடல் எட்டு சிலிண்டர் வண்டிகளை எடுத்தவர்கள். மாமாவுடையது ஆரஞ்சு, ஆர்டனுடையது நீலம். ஆர்டன் தன் வண்டியில் ஒரு போல்ட்டைக்கூட மாற்றவில்லை. வண்டியில் ஏறுவார். ஆக்சிலேட்டரை அடிவரை ஒரே ஒரு தடவை நிதானமாக அழுத்துவார். சோக் மூடிக்கொள்ள அது போதும். காலை எடுத்துவிடுவார். இரண்டு கைகளையும் மடியில் வைத்து, தலையைக் கொஞ்சம் குனிந்து, மூன்று எண்ணுவார். பிறகு சாவி. அரைச் சுற்றில் கிளம்பும்.

“எதுக்கு ஆர்டன் மூணு எண்றீங்க?” என்று ஒருமுறை கேட்டேன்.

“மரியாதைக்கு” என்றார்.

மாமா இதற்கு ‘ஆர்டனின் ஜெபம்’ என்று பெயர் வைத்திருந்தார். டோனட் கடை வாசலில் ஆர்டன் வண்டியில் ஏறும் ஒவ்வொரு ஞாயிறும், “தொப்பிய கழட்டுங்கடா, பாதிரியார் ஜெபம் பண்றாரு!” என்று கத்துவார். அதற்குள் நீலவண்டி தெருமுனையைத் தாண்டியிருக்கும். மாமா அதற்கப்புறம் எட்டு நிமிடம் ஆக்சிலேட்டரை மிதித்து, செல்ஃப் அடித்து, கார்பரேட்டர் தும்ம, ஒருவழியாகக் கிளம்புவார். அது வெயில் காலத்துக் கணக்கு. இதற்கும் அவரிடம் பெயர் உண்டு: எஞ்சினோடு உரையாடல்.

பிப்ரவரி முதல் வாரத்தில் ஆர்டன் இறந்துபோனார். மெதுவாகக் கொல்லும் நோய். அதனால் யோசிக்க அவருக்கு நிறைய நேரம் இருந்தது.

மறுநாள் அவர் மனைவி நெட்டி மாமாவை அழைத்தார். அப்போது நான் கல்லூரியிலிருந்து ஊருக்கு வந்திருந்தேன். மாமாவைத் தனியாக அனுப்பினால் ஏதாவது பேசிவைப்பார் என்று அம்மா என்னையும் கூட அனுப்பினாள். சமையலறை மேசையில் காபியும், அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து குவித்த ஏழு கேக்குகளும். நெட்டி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு கடிதத்தைப் பிரித்தார்.

“‘மெர்ல், நெட்டி இத படிக்கறப்ப நான் இருக்க மாட்டேன். அதனால குறுக்க பேசாத.’”

வாயைத் திறந்திருந்த மாமா மூடிக்கொண்டார்.

“‘என் ஊர்வலத்துக்கு முன்னாடி உன் வண்டிதான் போகணும். ஆராதனை முடிஞ்சதும் சர்ச் வாசல்ல நீ தனியா கிளப்பணும். வேற யாரும் கை வைக்கக் கூடாது. மூணு தடவை சாவி திருகலாம். அதுக்குள்ள கிளம்பலைன்னா நெட்டியோட தங்கச்சி மக வெச்சிருக்குற மின்சார வண்டி முன்னாடி போகட்டும். அது சத்தமே போடாது. நான் கோவிச்சுக்க மாட்டேன். நீதான் கோவிச்சுக்குவ.’”

நெட்டி கடிதத்தை மடித்தார். “அக்டோபர்ல எழுதினாரு மெர்ல். சிரிச்சுச் சிரிச்சு இருமல் வந்து ஆக்சிஜன் மாட்ட வேண்டியதாப் போச்சு.”

மாமா ஒரு கேக்கைத் தன் பக்கம் இழுத்தார். “இது ஒரு விஷயமா?” என்றார். “ஒரே திருகு. மூணு எதுக்கு?”

“முடியாதுன்னா சொல்லிடு. யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க.”

“முடியாதா? நெட்டி, அவனுக்கு முன்னாடி நான் போகாம, சத்தமே போடாத ஒரு மிக்ஸியா போகும்? அவன் சவப்பெட்டிக்கு அவமானம்.”

குரல் அந்தக் கடைசிச் சொல்லில் கொஞ்சம் வழுக்கியது. அதை மறைக்க ஒரு துண்டு கேக்கை வாயில் போட்டுக்கொண்டார்.

நெட்டி எழுந்து கதவோரம் இருந்த கொக்கியைக் காட்டினார். “ஷெட்டுச் சாவி இங்கதான் மாட்டியிருக்கு. அவரோட வண்டி சும்மாதான் நிக்குது. உன் வண்டியும் அதுவும் ஒண்ணுதானே. வேணுங்கறத எடுத்துக்கோ.”

“அந்தத் தகரக் கதவா? எனக்கா?” மாமா தொப்பியை மாட்டினார். “முப்பத்தொரு வருஷமா சுவத்துல ஒண்ணு தொங்குது நெட்டி. அதுவே எனக்கு அதிகம்.”

அடக்கம் சனிக்கிழமை. அன்று செவ்வாய்.

புதன் காலை பத்து மணிக்கு ஒத்திகை. மூக்குக்குள் இருக்கும் ஈரம் உறைகிற குளிர். மாமா ஷெட்டின் கதவைத் திறந்து, ஆரஞ்சு வண்டியின் போர்வையை மணப்பெண்ணின் முகத்திரையைப் போல விலக்கினார். ஏறி உட்கார்ந்தார். ஆக்சிலேட்டரைப் பன்னிரண்டு முறை மிதித்தார். திருகினார்.

எஞ்சின் ஊம் ஊம் ஊம் என்று யோசித்தது. பதில் சொல்லவில்லை.

இன்னும் பன்னிரண்டு மிதி. திருகல். குரோம் மூக்கிலிருந்து ஒரு முழ நீளத்துக்கு மஞ்சள் தீ வந்து, திரும்ப உள்ளே போனது.

“உயிர் இருக்கு பாத்தியா!” என்றார் மாமா.

“மூணு ஆயிடுச்சா மாமா?”

“ஒத்திகையில எண்ணக் கூடாது.”

நான் எண்ணினேன். ஒன்பதாவது திருகலில் பெட்ரோல் அடைத்துக்கொண்டது. பிளக்குகள் எட்டையும் கழற்றித் துடைத்து அடுப்பில் சூடாக்கி மாட்டினார். பதினான்காவதில் மறுபடி தீ. இந்த முறை தொப்பியின் நுனி கருகியது. பதினேழாவதில் மாமா இறங்கி, குரோம் மூக்கைக் கழற்றி வைத்துவிட்டு, பம்பர் மேல் ஏறிப் படுத்தவாறு கார்பரேட்டரின் வாயைத் தன் உள்ளங்கையால் பொத்தினார்.

“நீ உள்ள ஏறி சாவியத் திருகு.”

திருகினேன். எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது. கையை மெதுவாக எடுத்தார், உறுமியது. நான் ஜன்னல் வழியே தலையை நீட்டினேன்.

“மாமா, இப்ப உங்க கை பண்ணுச்சே, காத்த அடைச்சு... அதுக்குப் பேர்தானே சோக்?”

“இது கை.”

“சோக்கும் இதத்தானே—”

“டேய். இது கை. கடவுள் குடுத்தது. அது தகரம். கம்பெனிக்காரன் குடுத்தது. காலேஜ்ல இந்த வித்தியாசம்கூட சொல்லித் தரலையா?”

இல்லை. எங்கள் கல்லூரியில் இதற்கென்று தனிப் பாடம் கிடையாது.

எப்படிப் பார்த்தாலும் சனிக்கிழமை அந்தக் கை உதவாது. ஆர்டன் எல்லாவற்றையும் யோசித்திருந்தார். மாமா தனியாகக் கிளப்ப வேண்டும். ஒரே ஆள் பம்பர் மேலும் படுக்க முடியாது, சாவியும் திருக முடியாது. முன்பே சூடாக்கி வைக்கவும் வழியில்லை. ஈமச்சடங்கு நடத்தும் ப்ரூனர், வண்டிகளை ஆராதனைக்கு முன்பே வரிசையில் நிறுத்தி எஞ்சினை அணைக்கச் சொல்லிவிடுவார். அதற்கப்புறம் பாஸ்டர் ஒன்றேகால் மணி நேரம் பேசுவார். மாமா பெட்டி தூக்குகிற ஆறு பேரில் ஒருவர். முதல் வரிசையில் உட்கார்ந்தாக வேண்டும். நடுவில் எழுந்துபோக முடியாது.

வியாழக்கிழமை டோனட் கடையில் சங்கம் அவசரமாகக் கூடியது. செயலாளர் ரஸ் தலைமை. ரஸ் தன் வண்டியை 2009 முதல் ஓட்டவில்லை; துடைக்கிறார்.

“மெர்ல், மின்சார வண்டிக்குச் சார்ஜ் போட்டு வெச்சாச்சாம்” என்றார், வாயில் சர்க்கரைத் தூளோடு. “நெட்டியோட தங்கச்சி மக சொல்லுச்சு.”

“எதுக்கு?”

“சும்மா. ஒரு பாதுகாப்புக்கு.”

“உனக்கு எதுக்குடா பாதுகாப்பு? நீ உன் வண்டியக் கொண்டா முதல்ல. ஆர்டனுக்காக.”

ரஸ் ஜன்னல் வழியே சாலையைப் பார்த்தார். சாலை வெள்ளையாக இருந்தது. “உப்பு போட்டிருக்கானே மெர்ல்.”

மற்ற ஒன்பது தலைகளும் வருத்தத்தோடு ஆடின. ஆர்டனுக்காக உயிரைக் கொடுப்பார்கள். ஆனால் உப்பு என்று ஒன்று இருக்கிறதே. எல்லோரும் சூடேறும் இருக்கை வைத்த பிக்கப் வண்டிகளில் வருவதாக முடிவானது.

“ஈதர் ஸ்ப்ரே அடிச்சுப் பாரு, சட்டுனு பத்திக்கும்” என்று ஒருவர் யோசனை சொன்னார். “கார்பரேட்டர் வாயில ஒரு புஸ்.”

“வேற யாரும் கை வைக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கே.”

“மெர்லே அடிக்கட்டும்.”

“அப்புறம் அவரு புருவத்த யார் தேடறது?”

எல்லோரும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. டோனட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். மெர்ல் டிட்மர் டோனட்டைப் பாதியில் வைத்ததை அந்தக் கடை இதற்கு முன் பார்த்ததில்லை.

கடை வாசலில் என்னிடம் சொன்னார்: “அந்த மிக்ஸி முன்னாடி போச்சுன்னா, நான் நடந்து போறேன்டா. கல்லறை வரைக்கும். நடந்தே.”

“மூணு மைல் மாமா.”

“தெரியும்.”

வெள்ளிக்கிழமை அம்மா ஒரு பாத்திரம் நிறைய நூடுல்ஸ் வேகவைத்துக் கொடுத்து, மாமாவிடம் சேர்க்கச் சொன்னாள். வீடு பூட்டியிருந்தது. ஷெட் காலியாக இருந்தது. வெறும் தரையில் எண்ணெய்க் கறை. சுவரில் ஆணியும், ஆணியில் அந்தப் பழைய சோக் தகடும் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தன.

பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு நெட்டி வீட்டுக்கு ஓட்டினேன். சர்ச்சிலிருந்து மடக்கு நாற்காலிகள் கொண்டுபோய்ப் போடும் வேலையும் இருந்தது. பின்பக்க ஷெட்டின் கதவு மூடியிருந்தது. கதவிடுக்கில் வெளிச்சம். உள்ளே ஏதோ கனமான இரும்பு தரையில் விழுந்தது. தொடர்ந்து, அடக்கத்துக்கு முந்தைய நாள் உச்சரிக்கத் தகாத ஒரு சொல்.

“யாரு நெட்டி உள்ள?”

“எலி” என்றார் நெட்டி. அவர் அடுப்பில் இரண்டு பேருக்குக் காபி கொதித்துக்கொண்டிருந்தது. கதவோரக் கொக்கியில் சாவி இல்லை. நூடுல்ஸ் பாத்திரத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். “எலி மத்தியானம் சாப்பிடல. நான் குடுத்துடறேன்.”

நான் நாற்காலிகளை இறக்கிவிட்டு வந்துவிட்டேன். கிண்டலுக்கு இவ்வளவு தோதான ஓர் இடத்திலிருந்து ஒரு வார்த்தைகூடப் பேசாமல் நான் திரும்பியது அந்த ஒரு நாள்தான்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆரஞ்சு வண்டி சர்ச் வாசலில், அமரர் ஊர்திக்கு முன்னால், சத்தமின்றி நின்றது. வெளேரென்ற பனியில் அது மட்டும் ஒரு நிறம். இடுப்பு வரை உப்புக்கறை. குரோம் மூக்கு பானட்டின் மேல் எப்போதும்போல் நிமிர்ந்திருந்தது. ஊர்திக்குப் பின்னால் சாம்பல் நிற மின்சார வண்டி. அதற்குப் பின்னால் பத்து பிக்கப் வண்டிகள்.

மாமா கறுப்புக் கோட்டில் வந்தார். வலது கை விரல் முட்டிகள் நான்கிலும் பிளாஸ்திரி.

“என்ன மாமா கையில?”

“நாய் கடிச்சிருச்சு.”

“யாரு வீட்டு நாய்?”

“தெருநாய்.”

எங்கள் ஊரில் தெருநாயைப் பார்த்து வருடக்கணக்காகிறது. நல்லது, ஒன்று திரும்பி வந்திருக்கிறது.

பாஸ்டர் ஒன்றேகால் மணி நேரம் பேசுவார் என்று எதிர்பார்த்தோம். ஒன்றரை மணி நேரம் பேசினார். ஆர்டனின் பொறுமையைப் பற்றிப் பேசினார். முதல் வரிசையில் மாமா தலையைத் திருப்பாமல் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் வெளியே எல்லா எஞ்சினும் கல்லாகிவிட்டிருக்கும்.

பெட்டி ஊர்தியில் ஏறியது. ஊர் மொத்தமும் நடைபாதையில் நின்றது. பாதிப்பேர் துக்கத்துக்கு வந்தவர்கள்; மீதிப்பேர் மூன்று திருகலை எண்ண வந்தவர்கள். ரஸ் கைபேசியை எடுத்துப் படம் பிடிக்கத் தயாரானார். ப்ரூனர் மணியைப் பார்த்தார். சாம்பல் நிற வண்டிக்குள் நெட்டியின் தங்கை மகள் கையுறையை மாட்டிக்கொண்டாள்.

மாமா ஆரஞ்சு வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினார்.

பன்னிரண்டு மிதியை எதிர்பார்த்தோம். ஒன்றும் நடக்கவில்லை. கண்ணாடி வழியே பார்த்தால், அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார், தலை லேசாகக் குனிந்திருந்தது.

“ஆர்டனுக்காக ஜெபம் பண்றாருடா” என்று ரஸ் கிசுகிசுத்தார். கைபேசியைத் தாழ்த்தி, தொப்பியைக் கழற்றினார். சங்கத்தார் அனைவரும் தொப்பியைக் கழற்றினார்கள்.

சாவி திரும்பியது. அரைச் சுற்று. எஞ்சின் பிடித்துக்கொண்டது.

தும்மவில்லை, தீ வரவில்லை. உயர்ந்த சுருதியில், ஒரே சீராக, தேன்கூடு மாதிரி ரீங்கரித்து நின்றது. நடைபாதையில் யாரோ கைதட்டத் தொடங்கி, இது அடக்கம் என்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார். மாமா ஜன்னல் கண்ணாடியை இறக்கினார்.

“எண்ணினியாடா ரஸ்? எத்தனை?”

“ஒண்ணு, மெர்ல்.” ரஸ்ஸின் கண் கலங்கியிருந்தது. “ஒண்ணுதான்.”

“சோக்கு?”

“இல்ல மெர்ல். சோக்கே இல்ல.”

“அவ்ளோதான். நான் என்ன சொல்லிட்டு வர்றேன்?”

முப்பது நாற்பது ஆண்டுகளாக எஞ்சின் சத்தத்தைக் கேட்டே காது போனவர்கள் பத்துப் பேர் அங்கே நின்றார்கள். சோக் மூடியிருக்கும் எஞ்சின் மட்டும்தான் அப்படி உயர்ந்த சுருதியில் பாடும் என்பது அவர்கள் ஒவ்வொருவருக்கும் தெரியும். யாருக்கும் கேட்கவில்லை.

எனக்குக் காது போதாது, கண்தான். எஞ்சின் அதிர்ந்தது. பானட் அதிர்ந்தது. ஆனால் ஊரே பார்த்து நெகிழும் அந்தக் குரோம் மூக்கு தனியாக நடுங்கவில்லை. பானட்டோடு ஒட்டிக்கொண்டு சாதுவாக நின்றது. கிட்டப் போய்ப் பார்த்தேன். மூக்கின் ஓரத்தில் நான்கு புதிய போல்ட்டுகள், நேராக பானட் தகரத்தில். கார்பரேட்டரோடு அதற்கு எந்த உறவும் இல்லை. ஓட்டையை மறைக்க வைத்த வெறும் தொப்பி. மூக்கின் திறந்த வாய் வழியே குனிந்து பார்த்தால், அடியில், அலுமினிய இன்டேக் இருந்த இடத்தில், ஒரு சாண் தாழ்வாக ஆர்டனின் இரும்பு இன்டேக்கும், அதன் மேல் ஆர்டனின் கார்பரேட்டரும் உட்கார்ந்திருந்தன. சுருள் கம்பியும், சின்னக் கதவும், எல்லாமும் இருந்த இடத்தில் இருந்தபடியே.

ஆர்டன் கோப் தன் ஊர்வலத்துக்குத் தானே முன்னால் போனார். வேகம் மணிக்குப் பதினைந்து மைல். வழியில் எங்கும் நிற்கவில்லை.

அடக்கம் முடிந்து சர்ச்சின் கீழ்த்தளத்தில் சாப்பாடு: ரொட்டிக்குள் பன்றியிறைச்சி, சீஸ் போட்டு வேகவைத்த உருளைக்கிழங்கு, பச்சை ஜெல்லி. மாமா நடு மேசையில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் சங்கம்.

“குளிர் காத்து எஞ்சினுக்கு விருந்துடா. பொத்திப் பொத்தி வளத்தா அது சோம்பேறியாயிடும். ஆர்டன்கிட்ட எத்தன தடவ சொன்னேன்! கேட்டானா?”

“கேக்கல” என்று ரஸ் வருத்தப்பட்டார்.

“அந்தத் தகரக் கதவுல அப்படி என்னதான் கண்டானோ.”

நெட்டி இன்னும் கொஞ்சம் உருளைக்கிழங்கோடு வந்து, மாமாவின் தட்டில் வைத்தார். குனிந்தபோது ரகசியக் குரலில் அல்ல, இயல்பாகத்தான் சொன்னார்.

“சாவி, மெர்ல்.”

மாமா பேச்சை நிறுத்தாமலேயே கோட்டுப் பையிலிருந்து எதையோ எடுத்து, கைக்குட்டைக்கு அடியில் மேசைமேல் நகர்த்தினார். நெட்டி கைக்குட்டையோடு எடுத்துக்கொண்டார்.

“அவரு வண்டி ஏப்ரல்ல ஓடணும். அந்த அலுமினியத்த எங்க ஷெட்டுல போட்டுட்டுப் போயிருக்க.”

“என்ன அலுமினியம் நெட்டி?” என்று ரஸ் கேட்டார்.

“ஏணி” என்றார் மாமா. “அலுமினிய ஏணி. குடுத்திருந்தேன்.” பிறகு சங்கத்தின் பக்கம் திரும்பி, சாலட் தின்பவர்களைப் பற்றி முதலிலிருந்து தொடங்கினார்.

மூன்று மணிக்கு எல்லோரும் போய்விட்டார்கள். பிக்கப் வண்டிகள் ஒவ்வொன்றாகத் தூரத்திலிருந்தே பொத்தானை அமுக்கிக் கிளப்பப்பட்டு, சூடான இருக்கைகளில் வீரர்களை ஏற்றிக்கொண்டு மறைந்தன. நான் மடக்கு நாற்காலிகளை அடுக்கிவிட்டு, மிச்சமிருந்த ஜெல்லியோடு வெளியே வந்தேன். வாகன நிறுத்தத்தில் ஆரஞ்சு வண்டி மட்டும். மறுபடி மூன்று மணி நேரமாகக் குளிரில் நின்றதால் கண்ணாடியில் பனி படர்ந்திருந்தது.

மாமா உள்ளே உட்கார்ந்திருந்தார். நான் பின்பக்கமாக வருவதை அவர் பார்க்கவில்லை. ஓட்டுநர் ஜன்னலுக்குப் பக்கவாட்டில் நின்றேன். தட்டலாம் என்று கையை உயர்த்தினேன்.

அவர் ஒருமுறை இடப்பக்கம் பார்த்தார். ஒருமுறை வலப்பக்கம். யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டார். வலது கால் ஆக்சிலேட்டரை அடிவரை நிதானமாக அழுத்தியது. ஒரே தடவை. கால் விலகியது. பிளாஸ்திரி போட்ட கையும் மற்ற கையும் ஸ்டீரிங்கை விட்டு இறங்கி மடியில் அமர்ந்தன. தலை தாழ்ந்தது.

உதடுகள் அசைந்தன. ஒன்று. இரண்டு.

நான் உயர்த்திய கையால் என் தொப்பியைக் கழற்றிக்கொண்டேன்.

மூன்று.